காது மந்தமானவருக்கு முதல் கைபேசி: சத்தத்தை மட்டும் பார்த்து வாங்க வேண்டாம்

என் அத்தைக்கு முதன்முதலாகக் கைபேசி வாங்கியபோது, கடையில் இருந்தவற்றுள் எது அதிகச் சத்தமாக ஒலித்ததோ அதையே தேர்ந்தெடுத்தேன். வீட்டுக்கு வந்ததும் அடுத்த அறையிலிருந்து அவரை அழைத்துப் பேசினேன். அவர் போனைக் காதிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்துக்கொண்டு, "சத்தம் நல்லாவே கேக்குதுடா, நீ என்ன சொல்றேங்கறதுதான் தெரியல" என்றார். அவர் சொன்னதில்தான் இந்த விஷயத்தின் முக்கால் பங்கு அடங்கியிருக்கிறது.

வயது ஏறுவதால் செவித்திறன் குறைபவர்களுக்குப் பெரும்பாலும் உயர்ந்த அதிர்வெண் கொண்ட, அதாவது கீச்சென்று கேட்கும் ஒலிகளே முதலில் மங்குகின்றன. உயிரெழுத்துகளின் ஒலி தாழ்ந்த அதிர்வெண்களில் வலுவாக இருப்பதால் அது காதில் விழுந்துவிடும். ஆனால் க, ச, த, ப ஆகியவற்றை ஒன்றிலிருந்து மற்றொன்றைப் பிரித்துக் காட்டும் மெல்லிய ஒலிக்கூறுகள் மேல் அதிர்வெண்களில் இருப்பதால், 'கட்டு', 'தட்டு', 'பட்டு' என்று நாம் எதைச் சொன்னாலும் அவருக்கு ஏறத்தாழ ஒரே சொல்லாகவே கேட்கும். ஒலியளவைக் கூட்டினால் ஏற்கெனவே கேட்டுக்கொண்டிருந்த பகுதி இன்னும் பெரிதாகி இரையுமே தவிர, விடுபட்ட பகுதி முழுமையாகத் திரும்பி வருவதில்லை. போதாததற்கு, பழைய தொலைபேசி இணைப்புகள் 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியை மட்டுமே கடத்தின. 4ஜி வழியாகவே செல்லும் எச்.டி. குரல் அழைப்புகள் ஏறக்குறைய 7000 ஹெர்ட்ஸ் வரை கடத்துகின்றன. ஆகவே விலை குறைந்த பட்டன் போனாக இருந்தாலும், அது 4ஜியில் குரல் அழைப்பை ஏற்கிறதா என்பதை முதலில் விசாரியுங்கள். இந்தத் தெளிவு கிடைக்க, வழக்கமாக அவரை அழைக்கும் பிள்ளைகளின் போனிலும் இணைப்பிலும் அதே வசதி இருந்தாக வேண்டும்.

அடுத்து, அவர் காது கேட்கும் கருவி அணிபவரா என்பது. அணிபவர் என்றால், போனுக்கு முன்னால் கருவியைப் பாருங்கள். அதன் பெயரையும் மாடல் எண்ணையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு, எந்தப் போன்களோடு அது நேரடியாக இணையும் என்று ஆடியாலஜிஸ்டிடம் (செவித்திறன் நிபுணரிடம்) கேட்டுவிடுவது நல்லது. சில கருவிகள் ஐபோனோடு மட்டும் நேரடியாக இணைகின்றன. சில, ஆண்ட்ராய்டு 10 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்புள்ள குறிப்பிட்ட போன்களோடும் இணைகின்றன. சாதாரண புளூடூத்தே போதும் என்று இருப்பவையும் உண்டு. இவ்வாறு இணைந்துவிட்டால் எதிர்முனையின் குரல் இரண்டு காதுகளுக்கும் நேராகச் செல்லும், சுற்றுப்புற இரைச்சலும் குறையும். புளூடூத் இல்லாத கருவியில் டெலிகாயில் என்ற சிறு கம்பிச்சுருள் இருக்கிறதா என்று பாருங்கள். அது போனிலிருந்து வரும் காந்தப்புலத்தைப் பிடித்து ஒலியாக்குவதால், அறையின் இரைச்சலும், போனைக் கருவிக்கு அருகே கொண்டுபோகும்போது எழும் 'கீ' என்ற விசிலும் தொல்லை தருவதில்லை. போனின் விவரக்குறிப்பில் எம்3, எம்4 என்றிருந்தால் கருவியின் மைக் வழியாகக் கேட்கும்போது குறுக்கீடு குறைவு என்றும், டி3, டி4 என்றிருந்தால் டெலிகாயிலோடு பொருந்தும் என்றும் பொருள். எண் கூடினால் நல்லது. புதிய தர அளவுகோலில் இந்த எண்கள் கைவிடப்பட்டு, 'காது கேட்கும் கருவிக்கு இணக்கமானது' என்று மட்டுமே குறிக்கப்படுவதால், எண் இல்லை என்பதற்காக ஒரு போனை ஒதுக்கிவிட வேண்டாம்.

போனைப் பிடிக்கும் விதத்தையும் கடையிலேயே சொல்லிக் கொடுத்துவிடுங்கள், ஏனெனில் நல்ல போன்கள் பல இந்த ஒரு காரணத்தால்தான் வேண்டாமென்று திருப்பப்படுகின்றன. காதுக்குப் பின்னால் மாட்டும் கருவியின் மைக், காதுத் துளையில் இல்லாமல் காது மடலின் மேற்பகுதியை ஒட்டி இருக்கிறது. எனவே போனின் ஒலி வரும் துளையைச் சற்று மேலேயும் பின்னேயும் நகர்த்தி, அந்த மைக்குக்கு அருகே, காதோடு அழுத்தாமல் பிடிக்க வேண்டும்.

பட்டன் போனா, ஸ்மார்ட்போனா என்று கேட்டால், எழுத்துக்கூட்டியாவது படிக்கக்கூடியவருக்கு ஸ்மார்ட்போனே ஏற்றது என்பேன். முதல் போன் ஆயிற்றே, எளிமையாக இருக்கட்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். ஆனால் கேட்காத காதுக்குக் குரலை மட்டுமே தரும் கருவி எளிமையானது ஆகாது. குறுஞ்செய்தியும் படமும் அவருக்குப் பாதி உரையாடல். வீடியோ அழைப்பில் உதட்டசைவு தெரிவதால், காதில் விழாத எழுத்துகளில் சிலவற்றைக் கண் நிரப்பிவிடும்; அதற்காகப் பெரிய திரையும் வெளிச்சமான இடத்தில் உட்கார்ந்து பேசும் உறவினர்களும் தேவை. ஆண்ட்ராய்டில் உள்ள லைவ் டிரான்ஸ்கிரைப் என்னும் வசதி எதிரே இருப்பவர் பேசுவதைத் தமிழிலும் எழுத்தாக்கிக் காட்டும். ஆனால் அதே போனில் அழைப்பு நடந்துகொண்டிருக்கும்போது அது வேலை செய்யாது. அழைப்பை ஸ்பீக்கரில் போட்டு, வேறொரு போனை அருகில் வைத்துத்தான் படிக்க முடியும். வட்டார வழக்கில் வேகமாகப் பேசினால் வேடிக்கையான பிழைகளும் வரும்.

விரல் நடுக்கமோ பார்வைக் குறைவோ இருப்பவருக்கு மடக்கும் பட்டன் போன் பொருந்தும். திறந்தால் பேசலாம், மூடினால் அழைப்பு முடியும். பேசும்போது கன்னம் பட்டு அழைப்பு துண்டிக்கப்படுவதும் இல்லை.

மணியோசைக்குப் பறவைக் கீச்சொலி போன்ற மெல்லிய மெட்டு வேண்டாம். தாழ்ந்த சுருதியில் அழுத்தமாக ஒலிப்பதைத் தேர்ந்தெடுத்து, அதிர்வையும் சேர்த்து வையுங்கள். போனின் அணுகல்தன்மை (Accessibility) அமைப்புகளில், அழைப்பு வரும்போது கேமரா விளக்கு மின்னும்படி வைக்கும் வசதி ஐபோனில் உண்டு. ஆண்ட்ராய்டு 14 முதல் அதிலும் உண்டு. போனை மெத்தை மேல் வைத்துவிட்டு வேறு அறைக்குப் போகிற பழக்கம் உள்ளவருக்கு இவை எதுவும் உதவா. மணிக்கட்டில் கட்டும் அதிர்வுப் பட்டைதான் தீர்வு. ஒரு காது மட்டும் நன்றாகக் கேட்பவராக இருந்தால், ஹெட்செட்டின் இரு பக்க ஒலியையும் ஒன்றாக்கித் தரும் மோனோ அமைப்பை மறக்காமல் போட்டுவிடுங்கள்.

வாங்கும் முன் அவரையே கடைக்கு அழைத்துச் சென்று, அவருக்குப் பழகிய குரல் உள்ள ஒருவரை வெளியிலிருந்து அழைக்கச் சொல்லுங்கள். "நல்லா கேக்குதா?" என்று கேட்டால் பெரும்பாலானோர் கூச்சத்துக்காகவே தலையாட்டிவிடுவார்கள். அதைவிட, கட்டு, பட்டு, தட்டு என்று மாற்றி மாற்றிச் சொல்லி, கேட்டதைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். பிறகு முன்பின் தெரியாத ஓர் எண்ணைச் சொல்லி எழுதச் சொல்லுங்கள். இதைக் கடையின் இரைச்சலில் ஒரு முறையும் அமைதியான மூலையில் ஒரு முறையும், இரண்டு காதுகளிலும் செய்து பாருங்கள். கூடுதல் ஒலிக்கான தனிப் பொத்தான் உள்ள போன் என்றால், அழைப்பைத் துண்டித்துவிட்டு மறுபடியும் அழைத்துப் பாருங்கள். சிலவற்றில் ஒவ்வோர் அழைப்புக்குப் பிறகும் ஒலியளவு பழைய நிலைக்கு இறங்கிவிடும். அப்படிப்பட்ட போனில், ஒவ்வொரு முறையும் அந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்பதை அவர் நினைவில் வைத்திருக்க வேண்டியிருக்கும்.