கார் கதவுக்கு டேம்பிங் ஷீட் ஒட்டுவது எப்படி

எண்ணூர் சாலையில் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஓடும் காரில் உள்ளே வரும் சத்தத்தைக் குறைக்க, முதலில் கதவு ரப்பர் பீடிங்கைப் பாருங்கள். அது கிழிந்திருந்தால் எந்த ஷீட்டும் பலன் தராது. டேம்பிங் ஷீட் தகடு அதிர்வதைத்தான் அடக்கும். கண்ணாடி வழியாக வரும் ஹாரன் சத்தத்தை நிறுத்தாது.

அலுமினியத் தாள் ஒட்டிய 2 மி.மீ. பியூட்டைல் (ஒரு வகை செயற்கை ரப்பர்) ஷீட் வாங்குங்கள். விலை குறைவென்று தார் ஷீட் வாங்க வேண்டாம். சென்னை வெயிலில் இளகி நாறும், கழன்றும் விழும். நான்கு கதவுக்கு சுமார் 2 சதுர மீட்டர் போதும்.

பேட்டரி நெகடிவ் வயரைக் கழற்றிவிட்டு கதவு டிரிம்மை (உள்பக்க மூடியை) எடுங்கள்; அதன் பின்னாலுள்ள பிளாஸ்டிக் தடுப்புத்தாளையும் கிழியாமல் பிரியுங்கள். கிளிப் உடையும், நாலைந்து உபரியாக வைத்துக்கொள்ளுங்கள். கதவின் வெளித்தகட்டின் உட்புறத்தை ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடையுங்கள். கடற்காற்றில் துரு பிடித்திருந்தால் தேய்த்து, பிரைமர் அடித்துக் காய்ந்த பிறகே ஒட்டவேண்டும். முழுவதும் மூட வேண்டியதில்லை: தட்டினால் 'டங்'கென்று அதிரும் நடுப்பகுதியில் கால்பங்கு முதல் பாதிவரை ஒட்டினாலே போதும். ரோலரால் அழுத்தித் தேய்த்து, காற்றுக்குமிழ் இல்லாமல் செய்யுங்கள்.

கதவின் அடியிலுள்ள வடிகால் துளைகளை மட்டும் அடைத்துவிடாதீர்கள்! மழைநீர் தேங்கினால் கதவு உள்ளிருந்தே அரிக்கும். பிரித்த பிளாஸ்டிக் தடுப்புத்தாளைத் திரும்ப ஒட்டுங்கள். டிரிம் மாட்டும் முன் பேட்டரி வயரை மாட்டி, கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பாருங்கள்.

தரைக்குப் பஞ்சு, சணல் வேண்டாம். வெள்ளம் புகுந்தால் வாரக்கணக்கில் ஈரம் காக்கும். நீர் உறிஞ்சாத மூடிய நுண்ணறை (closed-cell) ஃபோம் போடுங்கள்.