பழைய லாரி இன்ஜினில் உலோகத் துகள்: எடுப்பது எப்படி, எங்கிருந்து வந்தது என்று படிப்பது எப்படி

பழைய லாரி பார்க்கப் போகிறவர்கள் ஸ்டார்ட் செய்து சத்தம் கேட்பார்கள், புகையைப் பார்ப்பார்கள், டிப்ஸ்டிக்கை உருவி ஆயிலை விரலில் தேய்ப்பார்கள். எல்லாம் வேண்டியதுதான். ஆனால் டீசல் இன்ஜின் பிரிப்பதையே தொழிலாக வைத்திருக்கும் நான் முதலில் கேட்பது ஆயில் ஃபில்டரை. உள்ளே தேய்ந்து உதிரும் உலோகத் துகள் சிக்கி நிற்பது அதில்தான். கடைசியாகக் கழற்றிய ஃபில்டர் இருக்கிறதா? இல்லையென்றால் இப்போது மாட்டியிருப்பதைக் கழற்றி அறுத்துப் பார்க்க விடுவீர்களா, புது ஃபில்டர் நானே தருகிறேன் என்பேன். அதற்கும் மழுப்புகிறவரிடம் அந்த வண்டியை வாங்க வேண்டாம் என்பது என் கட்சி.

டிப்ஸ்டிக்கில் ஆயில் தேன் நிறத்தில் இருந்தால் பலர் சந்தோஷப்படுகிறார்கள். எனக்கு அப்போதுதான் சந்தேகம் வரும். டீசல் இன்ஜினில் புது ஆயில் ஊற்றிக் கொஞ்ச தூரம் ஓட்டினாலே கரி கலந்து கறுத்துவிடும். கறுப்பு ஒரு குறையே இல்லை. தேன் நிறம் என்றால் நேற்றோ இன்றோ மாற்றியிருக்கிறார்கள், சாட்சி பழைய ஆயிலோடு போய்விட்டது. ஆனால் முழுதாகப் போயிருக்காது. இன்ஜினுக்கு அடியில் ஆயில் தேங்கும் தொட்டியான சம்ப்பின் அடியிலும், ஆயிலைக் குளிர்விக்கும் ஆயில் கூலருக்குள்ளும் மிச்சம் இருக்கும். வண்டியை நன்றாகச் சூடேறும் வரை ஓட்டிவிட்டு வேலையை ஆரம்பியுங்கள்.

இன்ஜினை நிறுத்திய கொஞ்ச நேரத்திலேயே ஆயிலை இறக்க வேண்டும். அப்போதுதான் துகள்கள் ஆயிலோடு சேர்ந்து வரும். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் கனமானவை அடியில் படிந்து அங்கேயே ஒட்டிக்கொள்ளும். ஆயில் கையைப் பொசுக்கும், கையுறை போடுங்கள். பிடிக்கிற தட்டு துடைத்த தட்டாக இருக்கட்டும். போன வண்டியின் பிசிறு இந்த வண்டியின் கணக்கில் ஏறினால் எல்லா வேலையும் வீண். தட்டின் மேல் ஒரு வெள்ளைத் துணியைக் கட்டி ஆயிலை அதன் வழியே இறக்குங்கள். ஆயிலை இறக்கக் கழற்றும் ட்ரெயின் போல்ட்டில் காந்தம் இருந்தால் அதில் மெழுகுபோல் சாம்பல் நிறப் பசை ஒட்டியிருக்கும். விரலில் நசுக்கும்போது வழவழப்பாக இருந்தால் அது சாதாரணத் தேய்மானம், எந்த இன்ஜினிலும் வரும். நெருநெருவென்றாலோ, முள்போல் குத்தினாலோ கவனிக்க வேண்டும். கம்பியில் கட்டிய சின்னக் காந்தத்தை ட்ரெயின் ஓட்டை வழியே விட்டு சம்ப்பின் அடியையும் துழாவலாம். ஆனால் காந்தத்தில் ஒன்றும் வரவில்லை என்பதற்காக நிம்மதி அடையாதீர்கள். இன்ஜினில் சீக்கிரம் உயிரை விடுகிற பாகங்கள் பலவும் காந்தத்துக்கு அகப்படாதவை.

இனி ஃபில்டர். டப்பா மாதிரி முழுதாகத் திருகி மாட்டுகிற ஃபில்டர் என்றால் அதை ஹேக்ஸா பிளேடாலோ கிரைண்டராலோ அறுக்கவே கூடாது. அறுக்கிற இரும்புத் தூளே உள்ளே விழுந்து, இல்லாத நோயைக் காட்டும். உருளைக் கத்தி வைத்துச் சுற்றிச் சுற்றி வெட்டுகிற ஃபில்டர் கட்டர் தனியாகக் கிடைக்கிறது. ஹவுசிங்குக்குள் தாள் மட்டும் வைக்கிற வகை என்றால் இந்தச் சிரமமே இல்லை. உள்ளே இருக்கும் மடிப்புத் தாளைக் கத்தியால் இரண்டு ஓரமும் வெட்டி எடுத்து, சுத்தமான துணியில் சுற்றி, வைஸில் வைத்து மெதுவாக நெருக்கி ஆயிலைப் பிழிந்துவிடுங்கள். பிறகு வெயிலில் மடிப்பு மடிப்பாக விரித்துப் பாருங்கள். பெரும்பாலான ஃபில்டர்களில் ஆயில் வெளிப்புறத்திலிருந்து உள்ளே போகிறது. அதனால் துகள் நிற்பது தாளின் வெளிப்பக்கத்தில். தாளைச் சுத்தமான டீசலில் அலசி, அந்த டீசலை இன்னொரு வெள்ளைத் துணியில் வடிகட்டினால் கண்ணுக்குத் தப்பியதும் வந்து நிற்கும்.

மடிப்புகள் அடைபட்டுக் கெட்டியாக இருந்தால் இன்னொரு கவலை. ஃபில்டர் அடைத்தால் பைபாஸ் வால்வு திறந்து, வடிகட்டாத ஆயில், சுழலும் தண்டைத் தாங்கும் பேரிங்குக்கு நேராகப் போகும். அப்படியொரு ஃபில்டரைப் பார்த்தால் பேரிங்குகளும் அழுக்கைத் தின்றிருக்கின்றன என்று வைத்துக்கொண்டே மேலே போகிறேன்.

சில பெரிய இன்ஜின்களில் சுழன்று அழுக்கைப் பிரிக்கும் சென்ட்ரிஃப்யூஜ் ஃபில்டர் கூடவே இருக்கும். அது கிடைத்தால் எனக்குக் கொண்டாட்டம். அதன் ரோட்டருக்குள் கறுப்பாக, ரப்பர்போல் ஒரு படிவு சேர்ந்திருக்கும். வெளிச்சுவரை ஒட்டியது பழசு, நடுவை நோக்கி வர வர புதுசு. கத்தியால் குறுக்கே வெட்டினால் மினுமினுப்பு எந்த அடுக்கில் இருக்கிறது என்று தெரியும். உள்பக்கத்து அடுக்கு மின்னினால் தேய்மானம் சமீபத்தியது, ஒருவேளை இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.

சேர்த்த துகளை வெள்ளைத் தாளில் கொட்டி, அடியில் காந்தத்தை நகர்த்துங்கள். கூடவே ஓடுவது இரும்பும் எஃகும். அதன் வடிவத்தைப் பாருங்கள். ஒரு பக்கம் வழவழப்பாகவும் மறுபக்கம் சொரசொரப்பாகவும் உள்ள செதில் என்றால், வால்வைத் திறக்க உந்தும் கேம் லோப், அதன் மேல் உருளும் டேப்பட் ரோலர், கியர் பல் இவற்றில் ஏதோ ஒன்றின் மேல்தோல் களைத்து உரிந்திருக்கிறது. மெல்லிய ஊசி மாதிரி இருந்தால் பிஸ்டன் ரிங்கும், பிஸ்டன் ஏறி இறங்கும் உருளையின் உள்சுவரான லைனரும் உரசியிருக்கலாம். சுருள் சுருளாக இருந்தால் அது தேய்மானமே இல்லை, லேத்தில் வெட்டிய பிசிறு. யாரோ முன்பு ஓவர்ஹால் செய்து, பிளாக்கைச் சரியாகக் கழுவாமல் பூட்டியிருக்கிறார்கள்.

காந்தத்துக்கு வராததை நிறத்தால் பிரிக்க வேண்டும். செம்பு அல்லது பித்தளை நிறம் என்றால் பிஸ்டனைக் கிராங்க் தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் (கான்ராடு) மேல்முனை புஷ், காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும் டர்போவின் புஷ், அல்லது பேரிங்குக்குள் இரண்டாக வைக்கும் அரைவட்டத் தகடான பேரிங் செல். பல லாரி இன்ஜின்களில் பேரிங் செல் மூன்று அடுக்கு: முதுகு எஃகு, நடுவில் செம்புக் கலவை, மேலே ஈயமோ வெள்ளீயமோ கலந்த மிக மெல்லிய சாம்பல் பூச்சு. அதனால் முதலில் மென்மையான சாம்பல் மினுமினுப்பு வரும், அது தீர்ந்தபின் செம்பு வரும். ஒரு பக்கம் செம்பு நிறமாக இருந்தும் காந்தம் இழுக்கிறதா? செல் முதுகோடு பெயர்ந்திருக்கிறது, இன்ஜினை இனி ஒரு சுற்றுகூடச் சுற்ற விடாதீர்கள். பளீரென்ற வெண்மையும் லேசான எடையும் இருந்தால் அலுமினியம். பிஸ்டனோ, டர்போவின் காற்றுப்பக்கச் சக்கரமோ, அலுமினியக் கலவை பேரிங்கோ கொடுத்தது. சாம்பல் பூச்சா, அலுமினியமா என்று குழப்பம் வந்தால் சூடான சால்டரிங் அயர்னை வையுங்கள். ஈயமும் வெள்ளீயமும் உருகும், அலுமினியம் உருகாது. நசுக்கினால் பொடிந்து கறுப்பாக ஈசுவது வெறும் கரி. வளைந்து நிமிர்வது கேஸ்கட் பசை. இந்த இரண்டையும் பார்த்துப் பதறிப்போனவர்கள் நிறைய.

சந்தேகம் பேரிங் பக்கம் போனால் சம்ப்பை இறக்கித்தான் ஆக வேண்டும். பேரிங்கைக் கீழிருந்து பிடித்திருக்கும் கேப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, எண்ணும் திசையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்றை இன்னொன்றின் இடத்தில் மாட்டக் கூடாது. பலரும் கோட்டைவிடுவது இங்கேதான்: கான்ராடில் அழுத்தத்தை அதிகம் தாங்குவது மேல் செல், கிராங்கைத் தாங்கும் மெயின் பேரிங்கில் கீழ் செல். கான்ராடு கேப்பைக் கழற்றி, அதிலிருக்கும் கீழ் செல்லை மட்டும் பார்த்து நன்றாக இருக்கிறது என்று பூட்டினால் நோய் மேலேயே இருக்கும். செல்லின் முதுகில் 0.25, 0.50 என்று மில்லிமீட்டர் அளவு அச்சாகியிருந்தால் கிராங்க் முன்பே ஒருமுறை கிரைண்ட் ஆகியிருக்கிறது. பேரிங்குக்குள் சுழலும் கிராங்கின் பகுதியான ஜர்னலில் நகத்தை ஓட்டிப் பாருங்கள், மாட்டினால் மறுபடியும் கிரைண்டிங்தான்.

அலுமினியம் என்றால் இன்ஜெக்டரைக் கழற்றி அந்த வழியே கேமரா விட்டு லைனர் சுவரைப் பாருங்கள். லைனரைத் தீட்டும்போதே போடுகிற குறுக்கும் நெடுக்குமான ஹோனிங் கோடு தெரிந்தால் நல்லது, செங்குத்தாகக் கீறல் இருந்தால் பிஸ்டன் லைனரில் இறுகிப் பிடித்திருக்கிறது. டர்போவில் காற்று ஹோஸைக் கழற்றிச் சக்கரத்தின் முனைகளைப் பாருங்கள். ஷாஃப்ட் மேலும் கீழும் துளி ஆடுவது இயல்பு, முன்னும் பின்னும் கைக்குத் தெரிகிற மாதிரி ஆடினால் கெட்டது. முனை உடைந்திருந்தால் மிச்சம், டர்போ தள்ளும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குள் கிடக்கும்.

ஆயிலை லேபுக்கு அனுப்புவது நல்லதுதான், ஆனால் எந்தப் பொருள் எவ்வளவு கலந்திருக்கிறது என்று அளக்க அங்கே சாதாரணமாகச் செய்யும் ஸ்பெக்ட்ரோமீட்டர் சோதனையில் சில மைக்ரான் அளவுள்ள நுண்துகள்தான் கணக்கில் வரும். கண்ணுக்குத் தெரிகிற செதில் அதில் பதியாது. ரிப்போர்ட் சுத்தமாக வந்து ஃபில்டரில் செதில் இருந்தால் ஃபில்டரைத்தான் நம்புவேன். சோடியம், பொட்டாசியம் கூடியிருந்தால் கூலன்ட் கலக்கிறது, சிலிக்கான் கூடியிருந்தால் தூசி போகிறது என்று காரணத்தைக் காட்ட அது உதவும். செம்பு மட்டும் கூடி, ஈயமும் கூடாமல் ஃபில்டரும் சுத்தமாக இருந்தால் ஆயில் கூலரிலிருந்து செம்பு கரைந்து வந்திருக்கலாம், பேரிங்கைக் குறை சொல்ல வேண்டாம்.

புது ஆயில் ஊற்றி ஓட்டிப் பார்ப்போம் என்கிற யோசனை மட்டும் வேண்டாம். இன்ஜினைப் பிரிப்பதென்று முடிவானால் ஆயில் கூலரைப் புதிதாக மாற்றுங்கள். எவ்வளவு கழுவினாலும் அதன் நெளிவுகளுக்குள் பிசிறு தங்கிவிடும், புது பேரிங்கைத் தின்பது அதுதான். பிளாக்கில் ஆயில் ஓடும் வழிகளின் பிளக்குகளைக் கழற்றிப் பிரஷ் விட்டுக் கழுவுங்கள். ஆயில் பம்ப், ரிலீஃப் வால்வு, பிஸ்டனுக்கு ஆயில் பீய்ச்சும் ஜெட்டுகள், டர்போ ஆயில் பைப் எதையும் விடாதீர்கள். எடுத்த துகள்களைத் தனித்தனி பாலிதீன் கவரில் போட்டு, ஃபில்டர், சம்ப், ட்ரெயின் போல்ட் என்று எழுதி வைத்திருங்கள். கிராங்கைக் கொண்டுபோகும்போது மெஷின் ஷாப்காரரிடம் அதையும் சேர்த்துக் கொடுங்கள்.