தள்ளிப்போகும் தூக்கத்தைச் சீக்கிரமாக்குவது எப்படி?

இரவு ஒன்று, இரண்டு மணி ஆகியும் தூக்கம் வராதவர்கள் பலர் மெலடோனின் மாத்திரையைத் தேடுகிறார்கள். அதற்கு முன் வெளிச்சத்தைச் சரிசெய்து பாருங்கள். மெலடோனின் ஆளை அடித்துப் போடும் மருந்தில்லை; இருட்டிவிட்டது என்று உடம்புக்குத் தகவல் சொல்ல மூளை சுரக்கும் ஹார்மோன். பலமான வெளிச்சம் பட்டால் மனிதர்களிடம் அதன் சுரப்பு அடங்கிவிடுகிறது என்று 1980-இலேயே ஆய்வாளர் ஆல்ஃபிரட் லூயி குழுவினர் காட்டினார்கள்.

படி 1: எழும் நேரம்

படுக்கும் நேரத்தை விடுங்கள், எழும் நேரத்தைப் பிடியுங்கள். இப்போது தானாக விழிப்பு வரும் நேரத்தைக் குறித்துக்கொண்டு, இரண்டு நாளுக்கு ஒருமுறை கால் மணி நேரம் முன்னதாக அலாரம் வையுங்கள். எட்டு மணிக்கு எழுபவர் மறுநாளே நாலு மணிக்கு எழுந்து விளக்கைப் போடக் கூடாது. வழக்கமாக விழிப்பதற்குச் சுமார் இரண்டு மணி நேரம் முன்பு உடல் வெப்பம் மிகவும் தாழ்ந்திருக்கும். அதற்குப் பிறகு படும் வெளிச்சம்தான் தூக்கத்தைச் சீக்கிரமாக்கும். அதற்கு முன் பட்டால் தூக்கம் இன்னும் தள்ளித்தான் போகும்.

படி 2: காலை வெளிச்சம்

எழுந்ததும் அரை மணி நேரம் மொட்டைமாடியிலோ தெருவிலோ நடங்கள். சூரியனை நேராகப் பார்க்க வேண்டாம். வீட்டு விளக்கு சில நூறு லக்ஸ்தான் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) தரும். மேகம் மூடிய பகலிலும் வெளியே ஆயிரக்கணக்கில் கிடைக்கும்.

2013-இல் வெளியான ஓர் ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. கென்னத் ரைட் குழுவினர் எட்டுப் பேரை அமெரிக்காவின் கொலராடோ மலைப்பகுதியில் ஒரு வாரம் கூடாரத்தில் தங்கவைத்தார்கள். டார்ச் இல்லை, செல்போன் இல்லை. சூரியனும் இரவில் மூட்டிய நெருப்பும்தான் வெளிச்சம். வாரக் கடைசியில் அவர்களுக்கு மெலடோனின் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் முன்னதாகவே சுரக்கத் தொடங்கியிருந்தது. மாத்திரையே இல்லாமல்!

படி 3: மாலை

படுப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்பே பெரிய விளக்குகளை அணைத்துவிடுங்கள். செல்போன் வேறு அறையில் இருக்கட்டும். மதியத்துக்கு மேல் காபி வேண்டாம்; உடம்பில் காஃபின் பாதியாகக் குறையவே ஐந்து மணி நேரம் போல ஆகும்.

படி 4: அப்புறம்தான் மாத்திரை

சில வாரம் விடாமல் செய்தும் பலனில்லையா? டாக்டரைப் பாருங்கள். நீங்களே வாங்கிப் போட வேண்டாம். கனடாவில் விற்ற 31 மெலடோனின் தயாரிப்புகளைச் சோதித்த 2017-ஆம் ஆண்டு ஆய்வில், லேபிளில் போட்டதைவிட 83 சதவீதம் குறைவாக இருந்ததும் உண்டு, 478 சதவீதம் கூடுதலாக இருந்ததும் உண்டு. கர்ப்பிணிகளும், ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்களும் கேட்காமல் தொடவே கூடாது. இரவு ஷிஃப்ட் பார்ப்பவர்களுக்கு இந்த நேரக்கணக்கு பொருந்தாது; அவர்கள் டாக்டரிடம் தனியாகக் கேட்டுக்கொள்வது நல்லது.