பப்பில் பேஸ் கிதார் வாசிப்பவர்களுக்கு ஒரு குறிப்பு
இங்கிலாந்து பப்களில் பேண்டுக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஒரு மூலைதான், அங்கே பேஸ் ஆம்ப்பை (ஒலிபெருக்கியை) சுவரோடு ஒட்டி வைத்தால் தடித்த ஈ (E) கம்பியின் 41 ஹெர்ட்ஸ் பக்கமுள்ள அடி ஒலியெல்லாம் தானாகப் பெருத்து, என்ன வாசிக்கிறீர்கள் என்றே தெரியாமல் கும்மென்று அதிரும். முடிந்தவரை தள்ளி வையுங்கள். உறுதியான பெட்டி மேல் ஏற்றினால் உங்கள் காதுக்கே நேராகக் கேட்கும், சத்தத்தைக் கூட்டத் தோன்றாது. அப்புறம் ஆம்ப்பில் அடி ஒலிக்கான பேஸ் குமிழைக் கொஞ்சம் குறைத்து, நடு ஒலிக்கான மிட் குமிழைக் கூட்டுங்கள். தனியாகக் கேட்டால் மூக்கடைத்த மாதிரி இருக்கும், ஆனால் கிதாருக்கும் டிரம்ஸுக்கும் நடுவே அதுதான் தெளிவாக நிற்கும். வயர் நீளமாக இருந்தால் நிகழ்ச்சிக்கு முந்தைய சவுண்ட் செக்கில் பார் கவுண்டர் வரை நடந்து வாசித்துப் பாருங்கள். கூட்டம் நிறைந்ததும் மேல் ஒலியை ஆட்களே உறிஞ்சிவிடுவார்கள், அப்போது ட்ரெபிளைத் துளி கூட்டினால் சரி.