புதுப் பொருள் அறிமுகக் குழு: ஓட்டையும் பரிசையும் நியாயமாக நடத்தும் முறை

மலையில் வீட்டளவில் பொருள் செய்பவர்களுக்குக் குறைவில்லை. குன்னூரில் கையால் உருட்டிய தேயிலை, ஊட்டியில் சாக்லேட், கோத்தகிரியில் தைல சோப்பு, கொடைக்கானலில் சீஸ். கூடவே வீட்டில் உட்கார்ந்து செயலி எழுதுகிறவர்களும் உண்டு. இவர்களை ஆன்லைனில் ஒரு குழுவாகச் சேர்த்து, மாதம் ஒரு சுற்று புதுப் பொருள்களை அறிமுகம் செய்து, உறுப்பினர்களிடம் ஓட்டும் கருத்தும் வாங்கிப் பரிசு கொடுக்க நினைப்பவர்களுக்காக இந்தக் குறிப்பு.

இப்படிப்பட்ட குழுக்கள் உடைவது பெரும்பாலும் ஒரே புகாரில்தான்: “ஆள் பலம் உள்ளவர்தான் ஜெயிக்கிறார்.” ஓட்டு எண்ணிக்கைக்குப் பரிசு வைத்தால், எல்லாரும் பொருளை விட்டுவிட்டு ஓட்டைத் தேடத்தான் போவார்கள். பரிசைப் பொருளைப் பயன்படுத்திப் பார்த்தவரின் பதிலோடு கட்டிவிட்டால் பாதிச் சண்டை தானாகக் குறையும். கீழே வரும் எல்லா ஏற்பாடும் இந்த ஒன்றுக்காகத்தான்.

விதி முதலில்

மாதம் முழுக்கத் தேயிலைக் கொழுந்தை ஃபேக்டரிக்குக் கொடுத்துவிட்டு, விலை என்ன என்பதைப் பிறகு தெரிந்துகொள்ளும் சிறு விவசாயியின் கடுப்பை நீலகிரியில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. பொருள் இறங்கிய பிறகு மதிப்பெண் விதியை மாற்றும் அட்மினும் அதே கடுப்பைத்தான் கிளப்புவார். எத்தனை நாள், யார் ஓட்டுப் போடலாம், மதிப்பெண் எப்படிக் கணக்கிடப்படும், பணம் எப்படிப் பிரியும், ஆட்சேபம் சொல்ல எத்தனை நாள், தீர்ப்பு யாருடையது. இந்த ஆறையும் ஒரே பக்கத்தில் எழுதிக் குழுவின் தலையில் பின் செய்து வையுங்கள். நடுவில் விதியில் குறை தெரிந்தாலும் அந்தச் சுற்றை அதே விதியில் முடித்துவிட்டு, திருத்தத்தை அடுத்த சுற்றிலிருந்து நடைமுறைக்குக் கொண்டுவாருங்கள்.

ஒரு சுற்றுக்கு ஆறு பொருள் போதும். பத்தைத் தாண்டினால் எல்லாவற்றையும் பார்க்க யாருக்கும் பொறுமை இருக்காது. மேலே தெரியும் நாலுக்குத்தான் கவனம் கிடைக்கும்.

நுழையும்போதே பார்க்க வேண்டியவை

சில விஷயங்களை ஓட்டுக்கு விடவே கூடாது. உணவுப் பொருளுக்கு எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எண் (உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் பதிவு எண்) இருக்கிறதா என்பது அப்படி ஒன்று. புவிசார் குறியீடு பெற்ற பெயர்கள் இன்னொன்று. நீலகிரியின் தோடர் பழங்குடியினர் கையால் தைக்கும் தோடர் எம்பிராய்டரிக்கு 2013-லும் கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-லும் குறியீடு கிடைத்தது. நீலகிரி ஆர்தடாக்ஸ் தேயிலைக்கும் உண்டு. மெஷினில் அடித்த சிவப்புக் கறுப்புச் சால்வையை ‘தோடர் எம்பிராய்டரி’ என்ற பெயரில் இறக்கினால் அது அழகாக இருக்கலாம், நூறு பேர் விரும்பலாம். ஆனால் ஒரு சால்வைக்கு வாரக்கணக்கில் ஊசி பிடிப்பவரோடு அதை ஒரே வரிசையில் நிறுத்துவது அநியாயம். பெயரை மாற்றி வரச் சொல்லுங்கள், இல்லையென்றால் அந்தச் சுற்றில் சேர்க்காதீர்கள்.

நேரம், வரிசை

பெரிய தளங்களின் வழக்கத்தை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். புது மென்பொருள்களை அறிமுகம் செய்து ஓட்டு வாங்கும் ப்ராடக்ட் ஹன்ட் தளத்தில் ஒரு நாளின் போட்டி சான்பிரான்சிஸ்கோ நேரப்படி நள்ளிரவு 12.01-க்குத் தொடங்கி 24 மணி நேரம் ஓடுகிறது. நம் கடிகாரத்தில் அது அங்கே கோடைநேரம் (கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்தள்ளி வைப்பது) நடக்கும் மாதங்களில் பகல் 12.31, மற்ற மாதங்களில் 1.31. மென்பொருளுக்கு ஒரு நாள் சரிதான், இணைப்பைத் தட்டினால் பொருள் கைக்கு வந்துவிடும். தபாலில் போக வேண்டிய தேயிலைக்கு அது ஆகாது. வாசகர் ஓட்டால் தொழில்நுட்பச் செய்திகளை வரிசைப்படுத்தும் ஹேக்கர் நியூஸ் தளம் நேரம் ஏற ஏற ஓட்டின் மதிப்பைக் குறைக்கிறது. பழைய செய்தியைக் கீழே தள்ள அது நல்ல வழி. மாதச் சுற்றுக்குத் தேவையில்லை.

ஓட்டுக்கு ஏழு நாள் வையுங்கள். ஓட்டுப் போடுகிறவர்கள் சோதித்துப் பார்க்கப் பொருளின் மாதிரி அவர்கள் கைக்குப் போக வேண்டும். எனவே அந்த ஏழு நாள் கணக்கு, மாதிரியை அனுப்பிய அன்று தொடங்கக் கூடாது, அனுப்பியதில் முக்கால்வாசி போய்ச் சேர்ந்த பிறகுதான் தொடங்க வேண்டும். ஜூன் முதல் செப்டம்பர் வரை கூடலூர், பந்தலூர் பக்கம் மழை, கரண்ட், நெட் மூன்றும் சேர்ந்து படுத்தும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல் பக்கம் மலைப்பாதையில் மண் சரிவு. அந்த மாதங்களில் ‘எந்த உறுப்பினர் பகுதியிலாவது ஒரு நாளுக்கு மேல் தொடர்பு அறுந்தால் அனைவருக்கும் இரண்டு நாள் நீட்டிப்பு’ என்று முன்கூட்டியே விதியில் எழுதிவிடுங்கள். ஒருவருக்கு மட்டும் நீட்டித்தால் அதுவே அடுத்த புகார்.

வரிசையில் மேலே இருப்பதற்கும் முதல் நாளில் முந்துவதற்கும் சும்மாவே ஓட்டு விழும். கூகுள் ஃபார்மில் விடைகளின் வரிசையை ஒவ்வொருவருக்கும் கலைத்துக் காட்டும் வசதி உண்டு, அதைப் போட்டுவிடுங்கள். முடிவுச் சுருக்கம் காட்டும் வசதியைக் கடைசி நாள் வரை அணைத்து வையுங்கள். வாட்ஸ்அப்பின் ஓட்டெடுப்பு வசதி (poll) இதற்கு உதவாது. யார் யாருக்குப் போட்டார் என்று குழுவுக்கே தெரியும்போது, பக்கத்து வீட்டு அக்காவின் ஊறுகாய்க்கு ‘இல்லை’ சொல்ல எவருக்கும் மனம் வராது.

யாருக்கு ஓட்டு

“சொந்தக்காரர் ஓட்டுப் போடக் கூடாது” என்ற விதி மலையில் செல்லாது. ஒரு ஹட்டியில் (படுகர் கிராமத்தில்) பாதிப்பேர் ஒருவருக்கொருவர் உறவு, யாரை விலக்குவீர்கள்? அதற்குப் பதிலாக மாதிரிச் சீட்டு முறையைக் கையாளுங்கள்.

தயாரிப்பவர் 12 மாதிரிகளை அட்மினிடம் கொடுக்க வேண்டும். சொந்தச் செலவில் அதிகம் கொடுக்க விரும்பினால் 30 வரை. மாதிரி கேட்டுப் பெயர் கொடுத்தவர்களின் பட்டியலிலிருந்து அட்மின் சீட்டுக் குலுக்கி ஆள்களைத் தேர்ந்தெடுப்பார். ஒவ்வொரு பொட்டலத்துக்குள்ளும் ஆறு எழுத்துக் குறியீடு எழுதிய துண்டுச் சீட்டு. ஃபார்மில் அந்தக் குறியீட்டைப் போட்டால்தான் ஓட்டுச் செல்லும். குறியீடுகளை அட்மின் எழுத வேண்டும், தயாரிப்பவர் கையில் போகக் கூடாது. போனால் மொத்த ஏற்பாடும் வீண். செயலி என்றால் மாதிரிக்குப் பதில் உள்நுழையும் குறியீடு, குறைந்தது இரண்டு நாள் திறந்து பயன்படுத்தியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு.

அந்தச் சுற்றில் பொருள் இறக்கியவர்கள் மற்றவர் பொருளுக்குக் கருத்துச் சொல்லலாம், ஓட்டுப் போட வேண்டாம். குழுவில் விழும் இதயக் குறிகளும் கைதட்டலும் இருந்துவிட்டுப் போகட்டும், அவற்றுக்குப் பரிசு மட்டும் இல்லை.

மாதிரி அனுப்புவதிலேயே சிலர் தோற்றுப்போகிறார்கள். கோகோ வெண்ணெய் 34 டிகிரிக்குப் பக்கத்தில் உருகும். ஏப்ரல், மே மாதத்தில் மதுரைக்கும் சென்னைக்கும் போகும் சாக்லேட்டுக்கு வரும் மதிப்பெண் கூரியர் வண்டியின் வெக்கைக்குக் கிடைத்த மதிப்பெண். அந்த மாதங்களில் சாக்லேட் மாதிரியை மலையிலிருக்கும் உறுப்பினர்களுக்கு மட்டும் குலுக்குங்கள், அல்லது டிசம்பர் சுற்றுக்குத் தள்ளுங்கள். யூகலிப்டஸ் தைலம் எரியக்கூடிய திரவம் என்பதால் விமானத்தில் ஏற்ற மாட்டார்கள். தரைவழியில்தான் போகும், கூடுதல் நாள் கணக்கு வையுங்கள். பொட்டலத்துக்கு பிளாஸ்டிக் கவர் வேண்டாம். நீலகிரியில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக் கட்டுப்பாடு பல வருடங்களாக இருக்கிறது. தேயிலைக்குச் சின்னத் தகர டப்பா நல்லது, மணமும் போகாது.

மதிப்பெண்

ஃபார்மில் நட்சத்திரம் கேட்காதீர்கள். எல்லாரும் நாலோ ஐந்தோ போடுவார்கள். கேள்வி ஒன்றே ஒன்று: “இந்த விலைக்கு உங்கள் காசில் மறுபடி வாங்குவீர்களா?” ஆம் அல்லது இல்லை. விலையைக் கேள்வியிலேயே போட வேண்டும்.

வந்த பதில்களை இப்படிக் கணக்கிடுங்கள்: ஆம் எண்ணிக்கையோடு 3 கூட்டுங்கள், மொத்தப் பதில்களோடு 6 கூட்டுங்கள், முதலாவதை இரண்டாவதால் வகுங்கள். மூன்று ஆமும் மூன்று இல்லையும் ஏற்கெனவே வந்ததாக வைத்துக்கொள்வதுதான் இது. பதில் குறைவாக வந்த பொருள் ஒரேயடியாக மேலே ஏறிவிடாமல் இது தடுக்கும்.

சோப்புக்கு 4 பேர் பதில் சொல்லி நாலும் ஆம். 7-ஐ 10-ஆல் வகுத்தால் 0.70. தேயிலைக்கு 30 பேரில் 24 ஆம், 27-ஐ 36-ஆல் வகுத்தால் 0.75. தேனுக்கு 11 பேரில் 10 ஆம், 13-ஐ 17-ஆல் வகுத்தால் 0.76. வெறும் எண்ணிக்கை பார்த்திருந்தால் தேயிலை முதலிடம், ஏனென்றால் அவரால் 30 மாதிரி கொடுக்க முடிந்தது. வெறும் சதவீதம் பார்த்திருந்தால் நாலே பேர் சொன்ன சோப்பு முதலிடம். இந்தக் கணக்கில் 11 பேர் சோதித்த தேனும் 30 பேர் சோதித்த தேயிலையும் தோளோடு தோள் நிற்கின்றன. வித்தியாசம் 0.02-க்குள் இருந்தால் சமம் என்று அறிவித்து இரண்டு இடங்களின் பணத்தையும் கூட்டிப் பாதியாகப் பிரித்துவிடுங்கள். யார் முதலில் ஓட்டு வாங்கினார் என்று பார்த்துச் சமநிலையை உடைக்க வேண்டாம்.

புள்ளியியலில் இதைவிடத் துல்லியமான வழி இருக்கிறது. 1927-ல் கணிதவியலாளர் எட்வின் வில்சன் கொடுத்தது. ஆனால் உறுப்பினர் தன் போன் கால்குலேட்டரில் சரிபார்க்க முடியாத கணக்கு, எவ்வளவு சரியாக இருந்தாலும் சந்தேகத்தைத்தான் வளர்க்கும். ரகசிய எடை வைத்து ‘பழைய உறுப்பினர் ஓட்டுக்கு இரண்டு மடங்கு’ என்பதெல்லாம் அறவே வேண்டாம்.

பணம் பிரிப்பது

ஒரு சுற்றுக்குப் பத்தாயிரம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். முழுப் பத்தாயிரத்தையும் முதலிடத்துக்குக் கொடுத்தால் மற்ற ஐவரும் அடுத்த மாதம் வர மாட்டார்கள்.

மாதிரிச் செலவுக்கு 3,600: ஆறு பொருள், தலா 12 மாதிரி, மாதிரிக்கு 50 ரூபாய். தோற்றவருக்கும் இது உண்டு. அன்றாடக் கூலியில் ஓடும் மகளிர் குழு தைரியமாக வர இதுதான் காரணமாக இருக்கும். கருத்துகளுக்கு 3,000: இருபது கருத்து, தலா 150. மீதி 3,400 முதல் மூன்று இடங்களுக்கு: 1,600, 1,100, 700.

கருத்துக்குப் பணம் என்றதும் ‘அருமை’, ‘சூப்பர்’, ‘வாழ்த்துகள்’ கொட்டும். எனவே எது கருத்து என்று விதியிலேயே ஒரு மாதிரி காட்டுங்கள்: “இரண்டு கிராம் இலை, 150 மில்லி தண்ணீர். பொட்டலத்தில் ஐந்து நிமிடம் என்று போட்டிருக்கிறது. மூன்றாவது நிமிடத்திலேயே கசப்பு ஏறிவிடுகிறது.” அளவு, செய்த விதம், நடந்தது என்ற மூன்றும் இல்லாததற்குப் பணம் இல்லை. ஒருவருக்கு ஒரு சுற்றில் அதிகபட்சம் இரண்டு கருத்துக்குத்தான் பணம்.

யார் தேர்ந்தெடுப்பது என்பதில்தான் சிக்கல். தயாரிப்பவரிடமே விட்டால் புகழ்ந்தவர்களுக்குப் போய்விடும். அதனால் தலா இரண்டை அவர்கள் தேர்ந்தெடுக்கட்டும், மொத்தம் பன்னிரண்டு. மீதி எட்டையும் குறை சொன்ன கருத்துகளிலிருந்து நடுவர்கள் எடுக்க வேண்டும். பணமோ இலவச மாதிரியோ ‘ஆம்’ ஓட்டைப் பொறுத்ததாக இருக்கவே கூடாது. ‘ஓட்டுப் போட்டால் 20 சதவீதத் தள்ளுபடி’ என்று கூப்பன் விடுபவரின் பொருளைச் சுற்றிலிருந்து நீக்கிவிடுங்கள். இலவசமாக வாங்கியவர் வெளியே விமர்சனம் எழுதினால் அதையும் சொல்லித்தான் எழுத வேண்டும். ஆன்லைன் விமர்சனங்களுக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022-ல் ஐ.எஸ். 19000 என்ற தரநிலை கொண்டுவந்தது. கட்டாயமில்லை என்றாலும் நடுவர்கள் ஒருமுறை படித்துவைப்பது நல்லது.

ஓட்டுப் போட்டவர்களில் ஒருவருக்குக் குலுக்கல் பரிசு என்ற யோசனை எந்தக் குழுவிலும் எழும். வேண்டாம். பொருளைத் தொடாதவர்களும் வந்து தட்டிவிட்டுப் போவார்கள். கட்டணம் வாங்கிக்கொண்டு குலுக்கினால் லாட்டரிப் பிரச்சினையும் வரும். தமிழ்நாட்டில் 2003 முதல் லாட்டரிக்குத் தடை.

முதலிடப் பட்டயத்தை லேபிளில் அச்சடிப்பார்கள். ‘ஆறு பொருள்களில் முதலிடம், சோதித்தவர்கள் 11 பேர்’ என்பதும் மாதமும் வருடமும் பட்டயத்துக்குள்ளேயே இருக்கட்டும். அது இல்லாத பட்டயம் வாங்குபவரை ஏமாற்றும்.

சந்தேகம் வந்தால்

சீட்டு முறையையும் மீறி ஒரே மணி நேரத்தில் பத்து ‘ஆம்’ வந்து விழலாம். ஐ.பி. முகவரி (இணையத்தில் இணைப்பை அடையாளம் காட்டும் எண்) ஒன்றாக இருக்கிறது என்பதை மட்டும் வைத்து ஓட்டைத் தள்ளாதீர்கள். மொபைல் நிறுவனங்கள் பல ஆயிரம் பேரை ஒரே ஐ.பி. முகவரிக்குப் பின்னால் வைக்கின்றன. சுய உதவிக் குழுவில் நாலு பேர் ஒரே போனில் ஃபார்ம் நிரப்புவதும் சாதாரணம். நேரம், ஒரே மாதிரி வாசகம், இதுவரை ஒரு கருத்துகூடச் சொல்லாத கணக்குகள் என்று மூன்றில் இரண்டாவது சேர்ந்து வந்தால் சம்பந்தப்பட்டவரைத் தனியாகக் கூப்பிட்டு, பொருளைப் பற்றி இரண்டு கேள்வி கேளுங்கள். பயன்படுத்தியவருக்குப் பதில் தெரியும்.

சுற்றுக்குச் சுற்று ‘நீ எனக்கு, நான் உனக்கு’ நடக்கிறதா என்பதையும் பாருங்கள். ஓட்டுப் போட்டவர், பொருளுக்குரியவர் என்று இரண்டு பத்தியில் எழுதி வைத்தால், ஒருவர் பெயர் இரண்டு பக்கமும் மாறி மாறி வருவது மூன்று சுற்றில் தெரிந்துவிடும். நீக்கிய ஒவ்வொரு ஓட்டுக்கும் காரணத்தை ஒரு வரியில் எழுதிக் குழுவில் போடுங்கள். பெயர் வேண்டாம், குறியீடு போதும்.

நடுவர்கள் மூன்று பேர். அந்தச் சுற்றில் பொருள் இறக்குபவர் நடுவராக இருக்கக் கூடாது. அட்மினுக்கே பொருள் இருந்தால் போட்டிக்கு வெளியே அறிமுகம் செய்யட்டும், கருத்து வாங்கட்டும், பரிசு இல்லை. முடிவையும் பொருள்வாரியான ஆம், இல்லை எண்ணிக்கையையும் அறிவித்து 48 மணி நேரம் ஆட்சேபத்துக்கு விடுங்கள். அது கழிந்த பிறகே யூ.பி.ஐ.யில் பணம் அனுப்புங்கள். முந்திக் கொடுத்துவிட்டுத் திருப்பிக் கேட்பது எந்த விதியாலும் நடக்கிற காரியம் இல்லை.