முதல் வகுப்பிலேயே பாட விதிகளை அறிவிக்கும் முறை

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ஒழுங்குமுறைப்படி பாடம் நடத்தும் ஆசிரியர், பருவத்தின் முதல் வகுப்பிலேயே விதிகளை ஒரே தாளில் அச்சிட்டுக் கொடுத்துவிடுவது நல்லது. எழுத்துத் தேர்வுப் பாடங்களில் அகமதிப்பீட்டுக்கு 40, பருவ இறுதித் தேர்வுக்கு 60 மதிப்பெண் என்பதையும், ஆய்வகப் பாடங்களில் அது தலைகீழாவதையும் குறிப்பிடுங்கள்.

விரிவாக எழுத வேண்டியது வருகைப்பதிவைப் பற்றித்தான்: 75 விழுக்காடு கட்டாயம் என்பதும், 65-க்கும் 75-க்கும் இடைப்பட்டவர்களுக்கு உடல்நலக் குறைவு போன்ற காரணங்களுக்காக உரிய சான்றிதழின் பேரில் மட்டுமே விலக்கு கிடைக்கும் என்பதும் தெளிவாக இருந்தால், பருவக் கடைசியில் பெற்றோரை அழைத்துக்கொண்டு துறைத்தலைவர் அறை வாசலில் நிற்பவர்கள் குறைவார்கள். பத்து நிமிடம் தாமதமானால் வருகை கிடையாது என்று எழுதினால், அதை எல்லோருக்கும் ஒன்றுபோலக் கடைப்பிடியுங்கள்; முடியாதென்றால் எழுதவே வேண்டாம். ஓ.டி. கடிதம் (கல்லூரி சார்பான நிகழ்ச்சிக்குச் சென்றதால் வகுப்புக்கு வரவில்லை என்பதற்கான ‘ஆன் டியூட்டி’ கடிதம்) தர வேண்டிய கெடுவையும், அசைன்மென்ட்டைப் பார்த்தெழுதினால் காட்டியவருக்கும் மதிப்பெண் இல்லை என்பதையும் சேர்த்துவிடுங்கள். கைபேசிக்கு ஒரு வரி போதும்.