ராத்திரி பஸ் ஸ்டாண்டில் தனியாக ஒரு பிள்ளை: என்ன செய்ய வேண்டும்?

பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்கள் இரவு இத்தனை மணிக்கு மேல் வெளியே சுற்றக்கூடாது என்ற ஊரடங்கு அமெரிக்க நகரங்கள் பலவற்றில் உண்டு. தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் அப்படி ஒரு சட்டமே கிடையாது. நள்ளிரவில் சேலம் பஸ் நிற்கிற இடத்தில் ஒரு பையன் திக்கில்லாமல் உட்கார்ந்திருந்தால், அவன் தப்பு செய்தவன் அல்ல. இளைஞர் நீதிச் சட்டம் 2015-இன்படி பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படுகிற குழந்தை. டீக்கடைக்காரர், ஆட்டோக்காரர், கண்டக்டர், வாட்ச்மேன் யாராக இருந்தாலும் இதை மனதில் வைத்துக்கொண்டு பேச்சைத் தொடங்குங்கள்.

முதலில் வெளிச்சமான, நாலு பேர் இருக்கிற இடத்தில் உட்கார வையுங்கள். ஆட்டோவுக்குள்ளோ அறைக்குள்ளோ வீட்டுக்கோ கூட்டிப் போக வேண்டாம். பிள்ளை பயந்து ஓடும். நாளைக்கு உங்கள் மீதே சந்தேகம் திரும்பும். பக்கத்தில் இன்னொருவர், முடிந்தால் ஒரு பெண், இருக்கட்டும். டீயும் பன்னும் கொடுத்த பிறகு கேள்வி.

“ஏன் ஓடி வந்தே?” என்று ஆரம்பித்தால் பொய்தான் வரும். “சாப்பிட்டியா? எந்த பஸ்ல வந்தே?” போதும். டிக்கெட் இருக்கிறதா என்று கேளுங்கள். மெஷினில் அடித்த டிக்கெட்டில் ஏறிய இடமும் நேரமும் இருக்கும். பிள்ளை சொல்லாததை அது சொல்லிவிடும். ஊர்ப் பெயர் சொல்லத் தயங்கினால் பள்ளிக்கூடத்தின் பெயரைக் கேளுங்கள். ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் தெலுங்கும் கன்னடமும் பேசிப் பாருங்கள். தமிழில் வாயே திறக்காத பிள்ளை அதில் மளமளவென்று பேசலாம்.

பிறகு குழந்தைகள் உதவி எண் 1098-க்கு போன் செய்யுங்கள். இருபத்து நாலு மணி நேரமும் இலவசம். அடிபட்டிருந்தாலோ யாராவது பின்தொடர்ந்தாலோ அவசர உதவி எண் 112. அழைப்பை எடுப்பவர் உங்கள் ஊரில் இல்லை என்று வைத்துக்கொண்டு பேசுங்கள்: மாவட்டம், ஊர், எந்தக் கடை எதிரில், வயது சுமாராக எத்தனை, என்ன மொழி, காயம் உண்டா, உங்கள் செல் நம்பர். “பஸ் ஸ்டாண்டு பக்கத்துல” என்று மட்டும் சொன்னால் வருகிறவர்கள் சுற்றிக்கொண்டே இருப்பார்கள். ஆள் வரும்வரை நீங்கள் அங்கேயே இருக்க வேண்டும். துணையில்லாத குழந்தையைக் கண்டவர் 24 மணி நேரத்துக்குள் தகவல் கொடுப்பது கட்டாயம் (பிரிவு 32). தவறினால் ஆறு மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் அபராதம், இரண்டும்கூட.

நல்ல மனசோடு செய்து கெடுப்பது மூன்று. ஒன்று, போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் போடுவது. குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவதை இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு தடுக்கிறது. கட்டாயக் கல்யாணத்துக்குப் பயந்து வந்த பெண்ணென்றால், அந்தப் படம் யாரிடமிருந்து ஓடி வந்தாளோ அவர்கள் கைக்கே போகும். நம் இரு மாவட்டங்களிலும் குழந்தைத் திருமணம் இன்னும் ஓயவில்லை என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். இரண்டு, கண்டக்டரிடம் சொல்லி ஊருக்கு பஸ் ஏற்றிவிடுவது. அடுத்த ஸ்டாப்பில் இறங்கிவிடுவார்கள். மூன்று, “நான் மாமாதான்” என்று வருகிறவரிடம் ஒப்படைப்பது.

கூத்து நடக்கிற ஊரில் விஷயம் வேறு. திரௌபதி அம்மன் கோயில் பாரதக் கூத்து விடியவிடிய நடக்கும். கூட்டத்தில் கைவிட்டுப்போன பிள்ளைதான் அங்கே அதிகம். மைக்கில் அறிவிக்கும்போது சட்டை நிறத்தைச் சொல்லாதீர்கள். தேடி வருகிறவரே அதைச் சொல்லட்டும்.

போலீஸ் வந்தால், குழந்தைகள் நலக் காவல் அலுவலர் யார் என்று கேளுங்கள். ஒவ்வொரு ஸ்டேஷனிலும் ஒருவர் இருந்தாக வேண்டும். குழந்தையை எந்தக் காரணத்துக்காகவும் இரவில் ஸ்டேஷனில் வைத்திருக்கக் கூடாது என்கிறது குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 24-ஆம் பிரிவு. குற்றம் சாட்டப்பட்ட சிறுவனைக்கூட லாக்கப்பில் அடைக்க முடியாது. துணையில்லாத பிள்ளையை, பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள், இப்படிப்பட்ட பிள்ளைகளை எங்கே யாரிடம் விடுவது என்று முடிவு செய்யும் குழந்தைகள் நலக் குழுவின் முன் நிறுத்த வேண்டும். குழு கூடாத நேரமென்றால் உறுப்பினர் ஒருவர் முன்னால் நிறுத்தினாலும் போதும். எங்கே, எப்போது, எந்த நிலையில் பார்த்தீர்கள் என்பதை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். அறிக்கை எழுதுகிறவருக்கு அதுதான் ஆதாரம்.

டீக்கடைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. இரவு சம்பந்தமான தடை நம் சட்டத்தில் ஒன்று உண்டு. அது பிள்ளைக்கு அல்ல, முதலாளிக்கு. 14 முதல் 18 வயது வரை உள்ளவரை இரவு 7 மணியிலிருந்து காலை 8 மணிவரை வேலை வாங்கக் கூடாது. பதினொரு மணிக்கு உங்கள் கடையில் கிளாஸ் கழுவுகிற பையனுக்கும் அது பொருந்தும்.

பிள்ளையைக் காணோம் என்று தேடுகிற வீட்டாருக்கு: “ஒரு நாள் பார்த்துட்டு வாங்க” என்று யாராவது சொன்னால் திரும்பி வராதீர்கள். காணாமல்போன குழந்தை குறித்த புகாரில் எஃப்.ஐ.ஆர். போட வேண்டும் என்று 2013-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது; புகார் வந்தது என்று எழுதிக் கொடுக்கும் சி.எஸ்.ஆர். ரசீது மட்டும் போதாது. “எல்லை எங்களுடையது இல்லை” என்று போலீஸ் சொன்னால், எந்த ஸ்டேஷனிலும் பதியக்கூடிய ஜீரோ எஃப்.ஐ.ஆர். கேளுங்கள். சமீபத்திய போட்டோ, உடுத்தியிருந்த துணி, பிள்ளையிடம் செல்போன் இருந்தால் அதன் பெட்டியில் அச்சான ஐ.எம்.இ.ஐ. எண் (அந்த செல்போனின் அடையாள எண்) கையோடு இருக்கட்டும். கிருஷ்ணகிரி நகரில் ரயில் நிலையம் இல்லை. அங்கே பஸ்ஸைத்தான் முதலில் பார்க்க வேண்டும். தருமபுரி, ஓசூர் என்றால் பெங்களூர் ரயிலும் சேரும்: 139-இல் ரயில்வேக்கும் சொல்லுங்கள். கிடைத்த பிள்ளையைக் குழுவிடமிருந்து அழைத்து வர ஆதார், ரேஷன் கார்டு, பிறப்புச் சான்று அல்லது பள்ளிச் சான்று வேண்டும். குழு பிள்ளையிடம் தனியாகப் பேசும். அப்போது கூடவே உட்கார அடம்பிடித்தால் தாமதம்தான் ஆகும்.